தாளாளர் அவர்களுக்கு: அந்த வாளியில் இருந்தது மழைத் தண்ணீர் அல்ல

மதிப்பிற்குரிய தாளாளர் அவர்களுக்கும் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும்,

சென்ற வாரம் பெற்றோருக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையை என் தங்கை மருமகள் எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்தாள். அவள் மகள் நம் பள்ளியில்தான் யூகேஜி படிக்கிறாள். இதுவரை கழிவறைகளில் மட்டும் போட்டுவந்த பாச்சை உருண்டையை இனி மழலையர் வகுப்பு அலமாரிகளிலும் விடுதி மாணவியரின் பெட்டிகளிலும் வைக்கப்போவதாகவும், சுகாதாரப் பராமரிப்புக்கென்று இந்தப் பருவத்திலிருந்து தனிக் கட்டணம் என்றும் அதில் கண்டிருக்கிறது.

இதே உருண்டையைப் பற்றி ஏப்ரலில் ஒன்று, ஜூனில் ஒன்று என இரண்டு கடிதம் உங்களிடம் கொடுத்திருக்கிறேன். முதல் கடிதத்துக்குப் பதில் இல்லை. இரண்டாவதற்கு அலுவலகத்திலிருந்து போனில் பதில் வந்தது: "காலங்காலமா எல்லா வீட்லயும் போடுறதுதானே டீச்சர், இதப் போயி ஏன் இம்புட்டுப் பெருசாக்குறீங்க?"

27 வருடம் உங்கள் பள்ளியில் வேதியியல் நடத்தினேன். மே மாதம் ஓய்வு பெற்றுவிட்டேன். இனி எனக்கு நீங்கள் சம்பளமும் தர வேண்டியதில்லை, மெமோவும் தர முடியாது. அதனால் மூன்றாவது கடிதத்தை ஊர் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஏப்ரல் மாதம் ஆய்வகப் பொருள்களின் இருப்புக் கணக்கு எடுக்க ஸ்டோர் ரூமுக்குப் போயிருந்தேன். தகரக் கூரை போட்ட அந்த அறை மதிய நேரத்தில் எப்படி இருக்கும் என்பது உள்ளே நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். மூலையில் ஒரு நீல வாளி. ஆயாம்மா அதற்குள் எட்டிப் பார்த்து யாரையோ வைதுகொண்டிருந்தார். வாளி நிறையக் கொட்டிவைத்த பாச்சை உருண்டையில் பாதியைக் காணோம். அடியில் நாலு விரல் ஆழத்துக்கு நல்லெண்ணெய் போல ஏதோ ஒன்று தேங்கியிருந்தது. மேலே கிடந்த உருண்டைகள், நனைந்த சோப்பு மாதிரி வழவழத்துக் கிடந்தன. கூரை ஒழுகி மழைத் தண்ணீர் இறங்கிவிட்டது என்றார் அலுவலகத் தம்பி. அந்த வாரம் முழுக்க நம் ஊரில் ஒரு தூறல் கிடையாது. தவிர, பாச்சை உருண்டை தண்ணீரில் கரையாது.

விரலில் கையுறை மாட்டிக்கொண்டு ஒரு சொட்டை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். கலக்காமல் முத்து மாதிரி உருண்டு அடியில் போய் உட்கார்ந்தது. அப்போதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வாளிக்குள் ஒன்றல்ல, இரண்டு சரக்கு இருந்திருக்கிறது.

பாச்சை உருண்டை என்ற ஒரே பெயரில் கடையில் இரண்டு வேறு வேறு வேதிப்பொருள்கள் விற்கின்றன. ஒன்று நாஃப்தலீன். இன்னொன்று பாரா டைகுளோரோபென்சீன். இரண்டும் வெள்ளை, இரண்டும் உருண்டை, இரண்டும் திடநிலையிலிருந்து நேரே ஆவியாகி மூக்கைத் துளைக்கும். நாஃப்தலீன் உருகுவது 80 டிகிரி செல்சியஸில். பாரா உருகுவது 53 டிகிரியில். நம் ஊர்ச் சித்திரை வெயிலுக்கும் அந்தத் தகரக் கூரைக்கும் என்னதான் கோபம் வந்தாலும் இந்த இரண்டில் எதுவும் தனியே உருகாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு வைத்தால் ஒன்றின் உருகுநிலையை மற்றொன்று இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். சரியான விகிதத்தில் சேர்ந்துவிட்டால் 30 டிகிரியை ஒட்டியே திரவமாகிவிடும். பற்ற வைக்கிற ஈயத்தை நினைத்துக்கொள்ளுங்கள். காரீயம் உருக 327 டிகிரி வேண்டும், வெள்ளீயத்துக்கு 232 வேண்டும். இரண்டையும் கணக்காகக் கலந்தால் 183-லேயே ஓடும். அதே சங்கதிதான் நம் நீல வாளியிலும் நடந்தது.

பில்லைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். முதல் மூட்டை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் எடுத்தது. பற்றாமல் போனதும் வேறொரு இடத்தில் ஐந்து கிலோ வாங்கி அதே வாளியில் கொட்டியிருக்கிறார்கள். இரண்டு பில்லிலும் "பாச்சை உருண்டை" என்ற இரண்டே வார்த்தை. தயாரித்தவர் பெயர் இல்லை, உள்ளே என்ன இருக்கிறது என்பதும் இல்லை. நம் பள்ளிச் சமையலறையில் மிளகாய்த் தூள் பாக்கெட்டைக்கூடத் தேதி பார்த்துத்தான் வாங்குகிறோம்.

என் சந்தேகத்தை அப்படியே விட்டுவிடவில்லை. உருகாமல் மிஞ்சிய உருண்டைகளைக் கழுவித் துடைத்து ஆய்வகத்துக்கு எடுத்துப் போனேன். சோதனை ரொம்பச் சாதாரணம். வேதியியல் படிக்காதவர்களும் உப்புச் சோதனையை வீட்டில் செய்து பார்க்கலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் அரை டம்ளர் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்து, இனிக் கரையாது என்னும்வரை உப்புப் போட்டுக் கலக்க வேண்டும். அந்த உப்புத் தண்ணீரின் அடர்த்தி சுமார் 1.2. நாஃப்தலீன் அதைவிட லேசு, மிதக்கும். பாரா அதைவிடக் கனம், மூழ்கும். நான் போட்ட பத்து உருண்டையில் நாலு மிதந்தன, ஆறு கல்லாட்டம் கீழே போயின.

கீழே போனதில் ஒன்றை எடுத்துச் சுரண்டினேன். செம்புக் கம்பியைப் புன்சன் அடுப்பில் நிறம் ஏதும் காட்டாத அளவுக்குப் பழுக்கக் காய்ச்சி, அந்தத் துகளில் தொட்டு மறுபடி சுடரில் காட்டினேன். சுடர் பச்சையாகப் பற்றி எரிந்தது, தீபாவளி மத்தாப்பு மாதிரி. செம்பு அந்தப் பச்சையைக் காட்டினால் உள்ளே குளோரின் போன்ற ஒரு ஹாலஜன் இருக்கிறதென்று பொருள். மிதந்த உருண்டையில் பச்சை வரவில்லை. (இதை, கெட்ட புகையை வெளியே இழுத்துவிடும் ஆய்வகப் புகைக்கூண்டுக்குள் வைத்துச் செய்தேன். வீட்டில் யாரும் முயல வேண்டாம். குளோரின் உள்ள பொருளைச் செம்போடு சேர்த்து எரித்தால் வரும் புகை நல்லதல்ல.) மூழ்கியதில் இன்னொன்றை 60 டிகிரி வெந்நீரில் போட்டேன். நெய் போல உருகியது. இந்த மூன்றும் ஒத்துப்போன பிறகு எனக்குச் சந்தேகம் இல்லை. கழிவறைகளில் நீங்கள் கட்டித் தொங்கவிட்டவற்றில் பாதிக்கு மேல் பாரா டைகுளோரோபென்சீன்.

பதினொன்றாம் வகுப்பில் ஹேலோ அரீன்கள் பாடம் நடத்தும்போது வருடாவருடம் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "டைகுளோரோபென்சீனின் மூன்று மாற்றியங்களில் பாராவுக்கு மட்டும் உருகுநிலை ஏன் அதிகம்?" நம் பிள்ளைகள் பதிலை மனப்பாடமாகச் சொல்வார்கள். மூன்றுக்கும் ஒரே சமாச்சாரம்தான்: வளையமாக நிற்கும் ஆறு கார்பன், நாலு ஹைட்ரஜன், இரண்டு குளோரின். எடையும் ஒன்றே. குளோரின் உட்காருகிற இடம் மட்டும் மாறுகிறது. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஆர்த்தோ, நடுவே ஒன்று விட்டால் மெட்டா, எதிரெதிரே உட்கார்ந்தால் பாரா. திருப்பரங்குன்றத்துக்குக் காவடி எடுப்பவர்களைக் காட்டித்தான் நான் சொல்லிக்கொடுப்பேன். தோளுக்கு இரண்டு பக்கமும் சம பாரம் இருக்கிற காவடிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க முடியும். இரண்டு பாரத்தையும் ஒரே பக்கம் கட்டினால் அடுக்கு நிற்காது. பாரா மூலக்கூறுகள் அப்படி ஒழுங்காக அடுக்கிக்கொள்வதால் 53 டிகிரிவரை திடமாக நிற்கும். ஆர்த்தோவும் மெட்டாவும் பூச்சியத்துக்குக் கீழே, ஆர்த்தோ 17 டிகிரி, மெட்டா 25 டிகிரி இறங்கினால்தான் உறையும். அதாவது நம் ஊரில் அவை எப்போதும் திரவம். உருண்டையாக உருட்டிக் கட்டித் தொங்கவிட மூன்று பேரில் பாராவால் மட்டுமே முடிகிறது. அதனால்தான் கழிவறைக்கும் துணிப்பெட்டிக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

ஒரு குளோரினிலிருந்து ஆறு குளோரின்வரை பென்சீன் வளையத்தில் ஏற்றிக்கொண்டே போனால் மொத்தம் எத்தனை வகை கிடைக்கும் என்று கரும்பலகையில் எண்ணச் சொல்வேன். 1, 3, 3, 3, 1, 1 என்று 12 வரும். ஒரு வருடம் ஒரு பையன் 13 என்று அடம்பிடித்தான். ஒன்றைத் திருப்பிப் போட்டு இரண்டு தடவை எண்ணியிருந்தான். அவனுக்காகவே 1874-ல் கோர்னர் என்ற வேதியியலர் கண்ட வழியைச் சொன்னேன். வளையத்தில் ஏற்கெனவே இரண்டு பேர் உட்கார்ந்திருக்கும்போது மூன்றாவதாக இன்னொருவரை உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். எத்தனை விதமான பொருள் கிடைக்கிறது? ஒன்று மட்டும் கிடைத்தால் நீ எடுத்துக்கொண்டது பாரா. இரண்டு கிடைத்தால் ஆர்த்தோ, மூன்று கிடைத்தால் மெட்டா. கண்ணால் பார்க்க முடியாத மூலக்கூறின் உருவத்தை எண்ணிக்கையை வைத்தே பிடித்த வழி அது.

பாடத்தை இங்கே நடத்துவதற்குக் காரணம் இருக்கிறது. மூச்சில் போன பாராவை நம் கல்லீரல் பிடித்து அதன்மேல் ஒரு ஆக்சிஜனை ஏற்றித்தான் வெளியே அனுப்பும். நாலு ஹைட்ரஜன் இடமும் ஒன்றுபோலவே இருப்பதால் எந்த இடத்தில் ஏற்றினாலும் 2,5-டைகுளோரோஃபீனால் என்ற ஒரே பொருள்தான் பெரும்பாலும் கிடைக்கும். அது சிறுநீரில் வரும். அளந்து பார்த்தால் யார் எவ்வளவு மூச்சில் இழுத்தார்கள் என்று தெரிந்துவிடும். கோர்னர் கரும்பலகையில் காட்டிய கணக்கை நம் பிள்ளைகளின் உடம்பு தினமும் போட்டுக்கொண்டிருக்கிறது. பரீட்சைக்கு எழுதுகிற பதில், கழிவறைக் கதவைத் திறந்தால் உண்மையாகிறது. அதை அவர்களிடம் மறைத்துவைக்க எனக்கு மனமில்லை.

பயமுறுத்துவதற்காக இதை எழுதவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1999-ல் பாரா டைகுளோரோபென்சீனை "மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடும்" என்ற 2பி பிரிவில் சேர்த்தது. ஆய்வக எலிகளிடம் கண்டதை வைத்துச் சேர்த்தார்கள். ஆர்த்தோவையும் மெட்டாவையும் அந்தப் பிரிவில் சேர்க்கவில்லை. நாஃப்தலீனும் 2002-ல் அதே 2பி-க்குப் போனது. கற்றாழையின் முழு இலைச் சாறும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. ஆகவே அந்த எழுத்தைக் காட்டி ஒருவரும் நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டாம். பாரா உடம்பில் காலகாலத்துக்குத் தங்கிவிடும் வகையும் அல்ல, சில நாளில் பெரும்பகுதி வெளியேறிவிடும். குளோரின் ஏறிய வளையமெல்லாம் விஷம் என்றும் சொல்லமாட்டேன். முழங்கால் சிராய்த்து வருகிற பிள்ளைக்கு நான் தடவுகிற டெட்டாலில் இருப்பதும் குளோரோசைலினால் என்ற குளோரின் ஏறிய வளையம்தான்.

நான் கேட்பது வேறு. ஐரோப்பிய ஒன்றியம் 2015 ஜூன் முதல் தேதியிலிருந்து கழிவறை வில்லைகளிலும் அறை மணமூட்டிகளிலும் பாராவை ஒரு சதவீதம் அல்லது அதற்கு மேல் வைத்து விற்கக் கூடாது என்று நிறுத்திவிட்டது. வீட்டுக்கு மட்டுமல்ல, பொது இடங்களுக்கும் சேர்த்து. அவர்கள் கழிவறையிலேயே வேண்டாம் என்று எடுத்ததை நாம் மூன்றரை வயதுக் குழந்தை ஐந்து மணி நேரம் உட்காரும் வகுப்பறைக்குள் கொண்டுபோகிறோம். சில நாளில் உடம்பை விட்டுப் போய்விடும் என்றேன். தினமும் உள்ளே போனால் என்றைக்கு வெளியேறி முடிவது? விடுதியில் பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் இருக்கின்றன. கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திக்கொண்டு தூங்குகிறார்கள். காலையில் அந்தப் பெட்டித் துணியைத்தான் உடுத்துகிறார்கள்.

நாஃப்தலீன் விஷயத்தில் இன்னும் அவசரம். ஜி-6-பி-டி என்ற என்சைம் குறைபாட்டோடு பிறக்கும் குழந்தைகள் உண்டு. வெளியில் எந்த அடையாளமும் தெரியாது. அப்படிப்பட்ட குழந்தை நாஃப்தலீனை விழுங்கினாலோ, அது வைத்திருந்த துணியைப் போர்த்திப் படுத்தாலோ இரத்தச் சிவப்பணுக்கள் உடையத் தொடங்கும், மஞ்சள் காமாலை வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். நம் மழலையர் வகுப்பில் எந்தக் குழந்தைக்கு இந்தக் குறைபாடு இருக்கிறது என்று நமக்கு எப்படித் தெரியும்? சென்ற வருடம் ஆண்டு விழா ஒத்திகைக்காக எல்கேஜி பிள்ளைகளைப் பெரிய கட்டிடத்துக் கழிவறைக்கு அழைத்துப் போனபோது, ஒரு பொடியன் வலைப்பையில் தொங்கிய உருண்டையைக் காட்டி, "மிஸ், இது மிட்டாயா?" என்று என் சேலையைப் பிடித்து இழுத்தான். இனி அதே உருண்டை அவன் உயரத்து அலமாரியிலேயே இருக்கப்போகிறது.

"காலங்காலமா" என்று சொன்னீர்கள் அல்லவா, அதற்கு வருகிறேன். என் அப்பா மேலூர்ப் பக்கம் பெரியாற்றுப் பாசனத்தில் நெல் விவசாயம் செய்தவர். பி.எச்.சி. என்ற பூச்சிக்கொல்லிப் பவுடர் இல்லாத வருடம் எங்கள் வீட்டில் கிடையாது. பழைய வேட்டித் துணியில் மூட்டையாகக் கட்டி, வரப்பில் நடந்துகொண்டே குச்சியால் தட்டுவார்; சாம்பல் நிறப் பொடி பயிர்மேல் பனி மாதிரி இறங்கும். அந்தக் கையை வேட்டியில் துடைத்துவிட்டுக் கஞ்சி குடிப்பார். மிச்சப் பொடி, விதைநெல் மூட்டைக்குப் பக்கத்தில் இருக்கும். எறும்பு வந்தால் அம்மா அடுப்படியைச் சுற்றிக் கோடு போடுவாள். அதுவும் காலங்காலமாகத்தான்.

அந்தப் பொடியும் மாற்றியங்களின் கதைதான். பென்சீன் ஹெக்ஸாகுளோரைடு என்பதன் சுருக்கம்தான் பி.எச்.சி. ஆல்ஃபா, பீட்டா, காமா, டெல்டா என்று பல மாற்றியங்கள் கலந்த கலவை அது. பூச்சியைக் கொல்வது காமா மட்டும். அது கலவையில் 10 முதல் 15 சதவீதம்தான். மிச்சம் எண்பத்தைந்து பங்கும் பூச்சிக்குப் பெரிதாக உறைக்காமல் நிலத்தில் விழுந்தது. அதிலும் பீட்டா, மாட்டுப்பாலிலும் மனிதக் கொழுப்பிலும் வருடக்கணக்கில் தங்கும் ஜாதி. அப்பா காசு கொடுத்து வாங்கியது ஒன்று, வயலில் தூவியது இன்னொன்று. இந்திய அரசு 1997 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து பி.எச்.சி.யைத் தடை செய்தது. பில்லில் ஒரு பெயர், மூட்டைக்குள் வேறு சரக்கு என்பதை நம் நீல வாளியில் பார்த்தபோது எனக்கு அந்த வேட்டித் துணி மூட்டைதான் ஞாபகம் வந்தது.

சரி, இந்த உருண்டை எதற்காக வந்தது? நாற்றத்துக்காக. அந்த நாற்றம் எங்கிருந்து வருகிறது? சிறுநீரில் உள்ள யூரியாவைக் கிருமிகள் உடைத்து அம்மோனியா ஆக்குகின்றன. பாரா அந்த அம்மோனியாவை ஒன்றும் செய்யாது. அதைவிடப் பலமான ஒரு வாசனையை மேலே போர்த்தும், அவ்வளவுதான். அம்மோனியா தண்ணீரில் எவ்வளவு ஆசையோடு கரையும் என்பதை நம் பள்ளியில் நீரூற்றுச் சோதனை பார்த்த ஒவ்வொரு பிள்ளையும் அறியும். தண்ணீர் விட்டால் போய்விடும்.

தண்ணீர்தான் இல்லை. மேல்மாடிக் கழிவறைக் குழாயில் காலை இடைவேளைக்குப் பிறகு காற்றுதான் வருகிறது. தொட்டிக்குப் போகும் வால்வு பழுதாகி எத்தனை மாதம் ஆயிற்று என்பதை அலுவலகத்துப் புகார் நோட்டில் பாருங்கள். அதில் என் கையெழுத்தே நாலு இடத்தில் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் வீட்டிலிருந்து கொண்டுவரும் தண்ணீர் பாட்டிலை நிறைய அப்படியே திருப்பிக் கொண்டுபோகிறார்கள். கேட்டால், "குடிச்சா போகணும் மிஸ்" என்கிறார்கள்.

காற்றுக்கும் வழி இல்லை. ஆண்கள் கழிவறையின் சாலைப் பக்கத்து வென்டிலேட்டர்மேல் சென்ற வருடத் தேர்ச்சி ஃப்ளெக்ஸைக் கட்டியிருக்கிறீர்கள். நூறு சதவீதத் தேர்ச்சி, சந்தோஷம்தான். என் பாடத்திலும் நூறுதான். ஆனால் அந்த நூற்றின் இரண்டு பூச்சியங்களும் வென்டிலேட்டரின் இரண்டு கண்ணையும் சரியாக அடைத்துக்கொண்டு நிற்கின்றன. உள்ளே ஆவி போக இடமில்லை.

ஆயாம்மா வெறுங்கையால்தான் உருண்டையை அள்ளி வலைப்பைகளில் போட்டுக் கட்டுகிறார். மாதத்துக்கு இரண்டு தடவை, அந்த ஸ்டோர் ரூமுக்குள்ளேயே உட்கார்ந்து. "அள்ளி முடிக்குறதுக்குள்ள நெத்தி ரெண்டும் தெறிக்குது டீச்சர், கண்ணு காந்துது. சாயங்காலம் சோத்த எடுத்தாலும் இந்த வாடைதான்" என்றார். அதைச் சொல்லிவிட்டு அவரே சொன்ன இன்னொன்று, உங்கள் சுற்றறிக்கையைவிடச் சுருக்கமானது: "ரெண்டு வாளி தண்ணிய ஊத்தச் சொல்லுங்க, நான் பளிச்சுனு கழுவிப் போடுறேன். இத எதுக்குக் கட்டித் தொங்கவிட்டுக்கிட்டு?"

மழலையர் அலமாரியில் இருப்பது வரைதாளும் கிரேயானும். விடுதிப் பெட்டியில் இருப்பது பருத்திச் சீருடை. துணியை அரிக்கிற அந்துப்பூச்சி கம்பளியையும் பட்டையும்தான் தேடும். மதுரையில் எந்தப் பிள்ளை கம்பளி போட்டுக்கொண்டு பள்ளிக்கு வருகிறது? என் அம்மாச்சி சுங்குடிச் சேலைகளை வெயிலில் காயவைத்து, நொச்சி இலையும் வேப்பிலையும் இடையிடையே போட்டு மடித்துவைப்பாள். அதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஈரம் போகக் காய்ந்த துணியைச் சுத்தமான பெட்டியில் வைத்தாள், அதுதான் காரியம்.

இனி நான் கேட்பவை.

மழலையர் வகுப்புகளிலும் விடுதியிலும் உருண்டை வைக்கும் முடிவை இந்த வாரமே திரும்பப் பெறுங்கள். அதைச் சொல்லும் சுற்றறிக்கை, முதல் சுற்றறிக்கை போன அதே பெற்றோர் குழுக்களுக்குப் போக வேண்டும். ஏற்கெனவே வைத்துவிட்டிருந்தால் எடுத்துவிட்டு, அலமாரிகளை இரண்டு நாள் திறந்துபோட்டுக் காற்றாட விடுங்கள். விடுதித் துணிகளைத் துவைத்து வெயிலில் உலர்த்தச் சொல்லுங்கள்.

கழிவறைகளில் தொங்குபவற்றையும் அவிழ்த்துவிடுங்கள். அதற்கு முன்னால் மேல்மாடித் தொட்டி வால்வைச் சரிசெய்யுங்கள். மாலை நாலரை மணிவரை குழாயில் தண்ணீர் வர வேண்டும். சுகாதாரக் கட்டணம் என்று வசூலிக்கப்போகும் பணத்தில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். உருண்டைக்காக என்றால் அந்தக் கட்டணமே வேண்டாம். வென்டிலேட்டர்மேல் இருக்கும் ஃப்ளெக்ஸைக் கழற்றி வாசல் பக்கம் கட்டிக்கொள்ளுங்கள், அங்கே இன்னும் நன்றாகத் தெரியும்.

கழிவறைக்கும் ஆய்வகத்துக்கும் விடுதிக்கும் வாங்கும் எந்த வேதிப்பொருளையும், உள்ளே என்ன இருக்கிறது என்று உறையில் அச்சிடாமல் இருந்தால் வாங்காதீர்கள். பில்லில் வேதிப்பெயர் கேட்டு வாங்குங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் வேறு கடை பாருங்கள்.

ஆயாம்மாவுக்கும் மற்றத் தூய்மைப் பணியாளர்களுக்கும் ரப்பர் கையுறையும், நீளக் கைப்பிடி வைத்த பிரஷும் கொடுங்கள். மருத்துவ முகாம் என்று மாணவர்களுக்கு வருடம் ஒரு தடவை நடத்துகிறோமே, அந்த வரிசையில் இவர்களையும் நிறுத்துங்கள். தலைவலி என்று அவர்கள் சொன்னால் அதை யாராவது எழுதிவைத்துக்கொள்ள வேண்டும்.

மிச்சம் இருக்கும் சரக்கைத் தயவுசெய்து விடுதிக்குப் பின்னால் குப்பையோடு போட்டுக் கொளுத்திவிட வேண்டாம். அங்கே வாரம் ஒரு தடவை புகை கிளம்புவதை நானே பார்த்திருக்கிறேன். குளோரின் உள்ள பொருளைப் பிளாஸ்டிக்கோடும் காகிதத்தோடும் சேர்த்து அரைகுறையாக எரித்தால் டையாக்சின்கள் என்ற நச்சுப் பொருள்கள் உண்டாகலாம். அவற்றில் நாலு குளோரின் ஏறிய வகையில் மட்டும் 22 மாற்றியங்கள் இருக்கின்றன. 2, 3, 7, 8 என்ற நாலு இடத்தில் குளோரின் உட்கார்ந்த ஒன்றுதான் அத்தனையிலும் கொடியது. உருண்டைகளை மூடி இறுக்கமாக உள்ள டப்பாவில் போட்டு, வீட்டு அபாயக் கழிவு என்று தனியே எழுதிக் குப்பை எடுக்க வருகிறவர்களிடம் சொல்லிக் கொடுங்கள்.

இதற்கெல்லாம் பதில் எழுத்தில் வேண்டும், போனில் அல்ல. பதினைந்து நாள் பொறுக்கிறேன். அடுத்த பெற்றோர் ஆசிரியர் கழகக் கூட்டத்தில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து என்னையும் கூப்பிடுங்கள். உப்பும் டம்ளரும் நானே கொண்டுவருகிறேன், சோதனையை எல்லோர் முன்னாலும் செய்துகாட்டுகிறேன்.

கடைசியாக ஒன்று. ஏப்ரலில் எடுத்த மாதிரிகளை ஆய்வகப் புகைக்கூண்டுக்குக் கீழே உள்ள இடது அலமாரியில், மேல் தட்டில் ஒரு பாட்டிலும் கீழ்த் தட்டில் ஒரு பாட்டிலுமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன். மேலே இருப்பது மிதந்தது, கீழே இருப்பது மூழ்கியது. தேதியோடு சீட்டு ஒட்டியிருக்கிறது. எனக்குப் பின் வந்திருக்கும் ஆசிரியரிடம் சொல்லுங்கள், இடம் போதவில்லை என்று இரண்டையும் ஒரே பாட்டிலில் கொட்டிவிட வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் முன்னாள் வேதியியல் ஆசிரியை,
மதுரை.